எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்த தயாரிப்பாளர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கடைத்தெரு வர்த்தகர் சங்கத் தலைவர் திரு. பன்னீர்செல்வம் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மதுராந்தகத்தில் பஸ் மாறிக் கடப்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் மறைந்தவரின் தாய்மாமன் ஜனாப் மைதீன் அவர்களே, அவரோடு ஒரே மேசையில் வேலை பார்த்த சம்பூர்ணம் அவர்களே, தாமோதரன் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் அன்பர்களே, தாய்மார்களே!

உங்கள் எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் காலியாக ஒரு நாற்காலி இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று காலையில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நம்முடைய நைனா முகம்மது அவர்களின் துணைவியார் ஷரீபுன்னிசா அம்மாள், கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா இருக்கிறார்கள். அந்தக் காலம் முடியும்வரை வெளியே வர மாட்டார்கள். அது தெரிந்தும் அந்த நாற்காலியை விட்டுவைத்தேன். சரியா தவறா என்று தெரியவில்லை.

நான் நரசிம்மன். சர்வே ஆபீசில் வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, இவர்களோடு அதே மேசையில் படம் வரைந்தவன். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவன். தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், வரிசையாகப் படிக்கிறேன். நடுவில் நின்றுவிட்டால், கண் சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை நைனா முகம்மது அவர்கள் மாமல்லபுரத்துக்குப் போனார். காணும் பொங்கலுக்கு அங்கே, காசு போட்டு ஆடும் நம் ஆட்ட இயந்திரத்தை வைக்க பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை பார்த்திருந்தோம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி பஸ்ஸில் ஏறினார். சன்னலோரம் உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியபோது தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டிருந்தாராம். பயணிகளும் கண்டக்டரும் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். பஸ் செங்கல்பட்டு வந்து சேர்ந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

வயது முப்பத்தாறு! சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. டாக்டர் மாரடைப்பு என்றார்.

தாமோதரன் ஓடிவந்து என்னிடம் சொன்னபோது நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தார். நான் அந்தப் பென்சிலைச் சீவி முடித்தேன். பிறகு இன்னொரு பென்சிலை எடுத்துச் சீவினேன். இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காத்திருக்கிறேன்.

அன்பர்களே! இந்தக் கூட்டம் வெறுமனே மாலை போட்டுவிட்டுக் கலைந்து போகும் கூட்டம் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மைதீன் பாய் இங்கே இருந்து ஒரு பதிலை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார். சென்ற வாரம் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து ஷரீபுன்னிசா அம்மாள் கேட்டார்கள்:

“மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் வந்து ரெண்டு மெஷினையும் கேக்குறார் ஐயா. பொருட்காட்சியில வெச்சுக்கிறாராம். குடுத்துட்டா, மாடி ரூம் சாவியத் திருப்பிக் குடுத்துடலாம். இல்ல, நீங்க மூணு பேரும் நடத்துறதுன்னா, அவரு இருந்த எடத்துல யாராவது ஒருத்தர் இருக்கணும். சம்பூர்ணம் உங்கள சொல்லுது. தாமோதரனும் உங்களத்தான் சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?”

“யோசித்துச் சொல்கிறேன் அம்மா” என்றுகூடச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

கேட்டு வந்தவர் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கு இயந்திரம் போதும். ஆட்டத்தை எழுதுகிறவர்களும் கம்பி இணைத்து முடுக்குகிறவர்களும் வரைகிறவர்களும் வேண்டாம். பாதி முடிந்து நிற்கும் கட்டுமர ஆட்டம் அப்படியே நின்றுவிடும். நான் ஓய்வுச் சம்பளக்காரன், எனக்கு ஒன்றும் ஆகாது. சம்பூர்ணத்துக்கும் தாமோதரனுக்கும்? கூடுவாஞ்சேரியில் ரயிலேறி தினமும் வந்து போகும் சம்பூர்ணம் நாளை எந்தக் கதவைத் தட்டுவது? இந்த வேலைக்கு இந்த மாவட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறதா?

பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அவர் இருந்த இடம் என்ன இடம் என்று நானே ஒருமுறை எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்களும் கேளுங்கள்.

யார் இந்த நைனா முகம்மது?

கடப்பாக்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்து, கிண்டியில் பொறியியல் படித்து, கல்பாக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். அட்டைகளில் துளை போட்டு அந்தப் பெரிய இயந்திரத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. சாப்பாட்டு இடைவேளையில், மிஞ்சிய அட்டைகளில் ஆடு புலி ஆட்டத்தை எழுதினார். அப்போது திரை எல்லாம் கிடையாது. நீங்கள் ஓர் ஆட்டை வைத்தால் இயந்திரம் கடகடவென்று தாளில் முழுக் கட்டத்தையும் அச்சடித்து, புலி எங்கே நகர்ந்தது என்று காட்டும். ஓர் ஆட்டம் முடிவதற்குள் தாள் வாசல்வரை போய்விடுமாம்! மேலதிகாரி ஒருநாள் பார்த்துவிட்டார். என்ன செய்தார்? உட்கார்ந்து ஆடினார். தோற்றார். மறுநாள் மத்தியானம் டிபன் டப்பாவோடு வந்துவிட்டார்.

பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஒசாக்கா நகரம். ஒரு பெரிய கடையின் மொட்டை மாடியில் ஒரு பெட்டியைப் பார்த்தார். உள்ளே டெலிவிஷன். அதில் ஒரு வெள்ளைப் புள்ளி இங்கும் அங்கும் ஓடுகிறது; வெளியே நிற்பவர் திருகைத் திருகி அதை அடிக்கிறார். பயிற்சி முடிந்ததும் அந்தப் பெட்டி செய்கிற கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மூன்று வருடம் ஆட்டம் எழுதுவதே தொழில்!

மைதீன் பாய் அப்போது சொன்னதை நைனா முகம்மது அவர்களே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்: “அணு ஆராய்ச்சி பண்ணப் போறான்னு ஊரெல்லாம் நெஞ்ச நிமித்திச் சொல்லிக்கினு இருந்தேன். ஜப்பானுக்குப் போயி வெளயாட்டுச் சாமான் செய்யறானாம். எவன்கிட்ட போயி சொல்றது!”

அங்கே இருந்திருந்தால் பெரிய பதவிக்கு வந்திருப்பார். ஏன் திரும்பினார்? நான் கேட்டிருக்கிறேன். “அங்க ஆடுறவன் தனியா நிப்பான் சார். காசு போடுவான், ஆடுவான், போயிடுவான். பின்னாடி நின்னு ‘டேய், அங்க வெக்காதடா’ன்னு கத்தறதுக்கு ஆள் கெடையாது. எனக்கு அந்த ஆளுங்க வேணும்” என்றார்.

அந்த ஆட்களுக்காகத் திரும்பி வந்தார், அன்பர்களே! எழுபத்தாறாம் வருடம். ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி அறை பிடித்தார். பட்டப் படிப்பில் கணிதம் எடுத்த சம்பூர்ணத்தை எழுதச் சேர்த்துக்கொண்டார். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த தாமோதரனைக் கையோடு கூட்டிவந்தார். சிறிய சிறிய கட்டங்களுக்குள் துல்லியமாக வரைய ஓர் ஆள் வேண்டும் என்று சர்வே ஆபீசில் விசாரித்திருக்கிறார். அங்கே என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

எட்டுக்கு எட்டுக் கட்டம். அதில் சில கட்டங்களை மட்டும் கறுப்பாக்கி, திரையில் தெரிய ஒரு புலி வேண்டும். ஒரு தாலுகாவையே ஒரு தாளில் அடக்கியவன் நான். இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். வரைந்து காட்டினேன். தாமோதரன் பார்த்தார்.

“சார், இதுக்கு ஒரு சங்கிலி வாங்கி வாசல்ல கட்டிடலாம். வந்தவன் போனவனப் பாத்து நல்லாக் கொலைக்கும்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நைனா முகம்மது அவர்கள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “வால ஒரு கட்டம் மேல தூக்குங்க சார்” என்றார். தூக்கினேன். புலி ஆகிவிட்டது! இப்படி ஒரு கண்ணை யார் கொடுத்தார்கள் அவருக்கு?

இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் ‘சிப்’ என்கிற கறுப்புத் துண்டில்தான் இருக்கிறது. ஒரு போஸ்ட்கார்டைப் போல அதில் இடம் மிகக் குறைவு. எழுதியதில் தவறு இருந்தால் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். அழிப்பதற்கு ஜப்பானில் தனி விளக்கு உண்டாம். நமக்கு அது ஏது? சிப்பின் நடுவில் சிறிய கண்ணாடி இருக்கும். ஒரு வாரம் நல்ல வெயிலில் காயவைத்தால் எழுதியது அழிந்துவிடும். மொட்டை மாடியில் முறத்தில் பரப்பி வைப்போம். பக்கத்து வீட்டு ஞானம்மாள் அவர்கள் இதோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய வடகம் ஒரு பக்கம் காயும், எங்கள் ஆட்டம் ஒரு பக்கம் காயும்.

“இன்னா பாய், உன் வடாம் பொரிக்கிற பதத்துக்கு வந்துச்சா?” என்று கேட்பார்கள்.

“இன்னும் ரெண்டு வெயில் வேணும்மா” என்பார் இவர். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வேலையும் நின்றுவிடும்.

இப்படி முதல் ஆட்டம் தயாரானது. ஆடு புலி ஆட்டம். எழுதியவர் நைனா முகம்மது அவர்களே. சம்பூர்ணம் அப்போது உதவியாகத்தான் இருந்தார். தலையசைக்கிறார், அப்படியானால் நான் சொல்வது சரி. எழுபத்தேழாம் வருடம் கடப்பாக்கம் தர்காவில் கந்தூரித் திருவிழா நடந்தபோது, பலூன் கடைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு, ஜெனரேட்டர் கம்பி இழுத்து வைத்தோம். புள்ளிக்குப் புள்ளி எண் போட்டிருக்கும். எண்ணை அமுக்கினால் அங்கே ஆடு உட்காரும். புலியை இயந்திரம் ஆடும்.

ஊரே கூடியது! மீன்பிடிக்கும் சின்னையன் அவர்கள் முதலில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் கொட்டகை நிறைய ஆள். ஓர் ஆட்டை வைத்தார். வைத்த கணமே “அய்யய்யோ, வேணாம், வேணாம்” என்று விரலை இழுத்தார். அதற்குள் புலி தாண்டிவிட்டது. ஆடு போயிற்று.

“யோவ்! இன்னும் கைய எடுக்கவே இல்ல, அதுக்குள்ள துன்னுட்ச்சு! இது இன்னா நாயம்?”

“அண்ணாத்த, அத்தப் போயித் திட்டினுகீறயே. அதுக்கு இன்னா காதா கீது?”

“அதுக்குக் காது இல்லன்னா செஞ்சவருக்குக் கீது இல்ல? பாய், நீ சொல்லு. வெச்ச ஆட்ட ஒரு தபா திருப்பி எடுத்துக்கறது உண்டா, இல்லியா?”

“உண்டு” என்றார் நைனா முகம்மது.

“அப்பால?”

“எழுத மறந்துட்டேன்.”

“மறந்துட்டியா! இங்கியே பொறந்து, இங்கியே கட்டம் கிழிச்சு வெளயாண்டுட்டு! ஜப்பான்காரன் அதையும் புடுங்கிக்கினு அனுப்பிட்டானா உன்ன?”

கொட்டகை முழுவதும் சிரிப்பு. அவரும் சிரித்தார். ஆனால் அன்பர்களே, அன்று சாயங்காலத்துக்கு மேல் யாரும் உட்கார்ந்து ஆடவில்லை. வந்து பார்த்தார்கள், நாங்கள் ஆட்டை வைக்க, புலி தானாக நகர்வதை வேடிக்கை பார்த்தார்கள், போய்விட்டார்கள். இந்தக் கரையில் யாரும் திருப்பி எடுக்காமல் ஆடுவது கிடையாது. ஒருவர் வைப்பார், பின்னால் இருப்பவர் கத்துவார், எடுப்பார், எதிராளி முணுமுணுப்பார், அந்தச் சண்டைதான் ஆட்டம். கணிதம் அறிந்தவர், ஜப்பான் போய் வந்தவர், இந்த மண்ணில் பிறந்தவர், அதை எப்படி மறந்தார்? வெளியூர்க்காரன் செய்திருந்தால் விதி தெரியாது என்று சொல்லிவிடலாம். தெரிந்தவர் மறந்தார். இயந்திரம் திருப்பித் தராது என்பது கைக்குப் பழகிவிட்டிருந்தது.

செங்கல்பட்டுக்குத் திரும்பினோம். ஒரு முறை திருப்பி எடுக்க ஒரு பொத்தான் வைப்பது என்று முடிவாயிற்று. பொத்தானைத் தாமோதரன் அரை மணியில் முடுக்கிவிட்டார். ஆனால் சிப்பில் இடம் இல்லை. முந்தைய நிலையை இயந்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமே, அதற்கு இடம் எங்கே? எழுதியதைச் சுருக்கினார். இன்னும் சுருக்கினார். நாள் கணக்கில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போதவில்லை.

சம்பூர்ணம்தான் சொன்னார். “சார், புலி மூணு ஆட்டம் முன்னாடியே யோசிக்குதே, அந்தப் பகுதிய எடுத்துட்டா தாராளமா எடம் கெடைக்கும்.”

“அத எடுத்தா புலி முட்டாளாயிடும்மா.”

“ஆகட்டும் சார். கடப்பாக்கத்துல யாரும் புத்திசாலிப் புலி கேக்கல. திருப்பிக் குடுக்கற புலிதான் கேட்டாங்க.”

அந்தப் பகுதி எப்படிப்பட்டது தெரியுமா? ஒசாக்காவில் ஓய்வு நாட்களில், யாருக்கும் சொல்லாமல், தனக்காகவே எழுதியது. அவருடைய திறமை எல்லாம் அதில் இருந்தது. அந்தப் புலியை யாராலும் ஜெயிக்க முடியாது! அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு எழுந்தார்.

“எழுதினவன் கைக்கு வெட்ட வராதும்மா. நீ இங்க உக்காரு. நான் அந்தப் பக்கம் உக்கார்றேன்.”

தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையின் எதிர்ப்பக்கத்துக்குப் போனார். திரை இருக்கும் பக்கம். ஆடுகிறவர் உட்காரும் பக்கம். அங்கே உட்கார்ந்துகொண்டு, “எடுத்துடு” என்றார்.

அன்றைக்குப் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒசாக்காவில் அவருடைய தலைவரும் முதலில் எழுதுகிறவராக இருந்து, பிறகு எழுதுவதை விட்டுவிட்டு, என்ன இருக்க வேண்டும், என்ன போக வேண்டும் என்று சொல்கிறவராக ஆனவராம். அங்கே அதற்குத் தயாரிப்பாளர் என்று பெயர். அதையே இவரும் வைத்துக்கொண்டார். டீக்கடையில் விடுவார்களா?

“இன்னா பாய், தயாரிப்பாளர் ஆயிட்டியாமே! படம் எப்ப ரிலீசு?”

“கந்தூரிக்கு.”

“சண்டைக் காட்சி கீதா?”

“படம் பூரா அதான்.”

மறு கந்தூரிக்கு அந்த முட்டாள் புலி போயிற்று. ஜனம் அதைத் தோற்கடித்தது. திருப்பி எடுத்தது, திட்டியது, மறுபடி தோற்கடித்தது. கொட்டகையில் மூங்கில் ஒடிந்தது! தயாரிப்பாளர் ஓரத்தில் நின்றார். ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்க மாட்டார். நாங்களும் சொல்லக்கூடாது. வாய் தவறிச் சொல்லிவிடுவோம் என்று எங்களுக்கு ஆளுக்கொரு ஏலக்காய் கொடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கச் சொல்வார், தானும் மென்றுகொண்டிருப்பார். “நாம சொன்னாத்தான் புரியும்னா, நாம சரியா செய்யலன்னு அர்த்தம்” என்பார். கோர்ட் குமாஸ்தா, பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட வாத்தியாரம்மா, யாரைப் பார்த்தாலும் மாடிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, பின்னால் நின்று அவர்களுடைய கையையே பார்ப்பார். திரையைப் பார்க்க மாட்டார்.

எழுதத் தெரிந்தவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். இன்னும் வருவார்கள். எழுதியதை வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்காரத் தெரிந்தவர் எத்தனை பேர்? நான் நாற்பது வருடம் வரைபடம் வரைந்தேன். அந்தப் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வயலில் நடக்கிறவன் எந்த ஓரத்தைப் பார்ப்பான் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. இதை அவருடைய புகழுக்காகச் சொல்கிறேன்.

இனி இரண்டாவது ஆட்டம். அதுதான் பாதியில் நிற்கிறது.

ஒரு கட்டுமரம் கரையிலிருந்து கிளம்பி அலைகளைத் தாண்டிக் கடலுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அலைக்கும் அலைக்கும் நடுவில் கொஞ்சம் தணியும். அந்த நேரம் பார்த்துத் தள்ள வேண்டும். பார்த்து வாருங்கள் என்று எங்களைச் சின்னையனிடம் அனுப்பினார். சம்பூர்ணம் கரையில் நின்று ஒவ்வொரு அலையாகக் கவனித்துக்கொண்டிருந்தார். என்னைக் கட்டுமரத்தில் ஏறச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். தாமோதரன் ஏறினார், இரண்டாவது அலையிலேயே கவிழ்ந்தார், சிரித்துக்கொண்டே எழுந்தார்.

“சார் மொகத்தப் பாரு, இவுரு வுழுந்ததுக்கு அவுருக்கு வெடவெடன்னு வருது!” என்றார் சின்னையன்.

வந்து சொன்னோம். தயாரிப்பாளர் கேட்டது ஒரே கேள்விதான். “வுழுந்ததும் சிரிச்சானா?” சிரித்தார் என்றோம். “அப்ப அதான் ஆட்டம். மொத தடவ எல்லாரும் வுழணும். வுழுந்தா சிரிப்பு வரணும்.”

அதை வைத்து நாங்கள் மூன்று பேரும் வேலை செய்தோம். சம்பூர்ணம் அலையை எழுதினார். அலைக்கு நடுவே துள்ளும் மீன்களையும் எழுதினார். மீனைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் அலையைக் கோட்டைவிடுவார்கள். தாமோதரன் அலைச் சத்தம் செய்தார். பெரிய அலை வருவதற்கு முன்னால் ஒரு உறுமல் கேட்கும். நான் பின்னணியில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை வரைந்தேன். இரண்டு விமானமும், மதில்மேல் வரிசையாகக் காளைகளும். தை மாதத்தில் தொடங்கி ஆடியில் முடித்தேன்.

மூன்றும் சேர்ந்து சிப்பில் அடங்கவில்லை. ஒன்று போக வேண்டும். மீன், சத்தம், கோயில், இவற்றில் ஒன்று.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் அவரிடம் முறையிட்டோம். ஒவ்வொருவரும் மற்ற இருவர் செய்ததைத்தான் குறை சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டார். “நாளைக்கு மாபலிவரம் போயி அந்தக் கடையில கொஞ்ச நேரம் உக்காந்து பாக்குறேன். திங்கக்கிழம சொல்றேன்” என்றார்.

போனார். கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பக்கத்து இளநீர்க் கடைக்காரர் பார்த்திருக்கிறார். எதைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன முடிவு செய்தார் என்பது யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை நாங்கள் கடப்பாக்கத்து அடக்கத்தலத்திலிருந்து திரும்பி வந்து, பூட்டிய அறை வாசலில் நின்றோம்.

அன்பர்களே! இந்த ஒரு மாதமாக நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். அவர் இருந்தால் எதை எடுக்கச் சொல்லியிருப்பார்? மீனை என்று ஒரு நாள் தோன்றுகிறது. சத்தத்தை என்று ஒரு நாள். சைகையாக ஏதாவது சொன்னாரா என்று அந்த வெள்ளிக்கிழமையை மறுபடி மறுபடி யோசித்துப் பார்க்கிறோம். யார் எதைச் சொன்னாலும் அவர் ஒரே மாதிரிதான் தலையாட்டினார்.

எனக்குத் தெரியாது. தெரியும் என்று இந்த மேடையில் நின்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். மறுத்துச் சொல்ல அவர் இல்லை. அதனாலேயே சொல்ல எனக்குத் துணிவில்லை. அவருடைய முடிவு அவரோடு பஸ்ஸில் வந்தது. அதற்குமேல் வரவில்லை. இனி அது கிடைக்காது.

அப்படியானால் யார் முடிவு செய்வது? அதைத்தான் அந்த அம்மாள் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்கள். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். கட்டுமரத்தில் ஏறாதவன். ஒரு கோடு போட மூன்று முறை அளப்பவன். அந்த இடத்துக்கு நான் தகுதியா என்று கேட்டால், இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சம்பூர்ணத்துக்குத் தகுதி உண்டு. ஆனால் அவர் எழுதுகிற நாற்காலியை விட்டு எழுந்தால் எழுத ஆள் இல்லை. தாமோதரன் எழுந்தால் முடுக்க ஆள் இல்லை. நான் எழுந்தால்? வரைய வேண்டியதெல்லாம் வரைந்தாகிவிட்டது. எழுந்திருக்கக் கூடியவன் நான் ஒருவன்தான். நேற்று மாலை இதை இந்தத் தாளில் எழுதி, சரிதானா என்று பலமுறை பார்த்தேன். தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

மைதீன் பாய் அவர்களே! உங்கள் மருமகனின் வீட்டாரிடம் சொல்லுங்கள். மெட்ராஸ்காரருக்கு இயந்திரங்களைக் கொடுக்க வேண்டாம். சாவியைத் திருப்பித் தர வேண்டாம். நாங்கள் நடத்துகிறோம். எதிர்ப்பக்கத்தில் நான் உட்காருகிறேன். நன்றாகச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. தினமும் வந்து உட்காருவேன் என்று வாக்குக் கொடுக்கிறேன்.

சம்பூர்ணம், கோயிலை எடுத்துவிடுங்கள்.

தாமோதரன் எழுந்திருக்கிறார். உட்காருங்கள் தாமோதரன். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். ஆறு மாதம் வரைந்தது என்பீர்கள். உட்காருங்கள். சத்தம் இல்லாவிட்டால் அலை வருவது தெரியாது. மீன் இல்லாவிட்டால் யாரும் விழ மாட்டார்கள். கோயில் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. நல்ல படம்தான். எனக்கே பிடித்த படம். மேலே வெறும் வானம் இருக்கட்டும். கீழே ஒரு கோடு போட்டால் கரை.

அன்பர்களே, மறைந்த தயாரிப்பாளர் நைனா முகம்மது அவர்களுக்காக இப்போது எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். அது முடிந்ததும் நாங்கள் மூவரும் நேராக மாடி அறைக்குப் போகிறோம். காணும் பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு மாமல்லபுரம் வர வேண்டும். வந்து ஆட வேண்டும். கடலில் விழ வேண்டும். ஆட்டத்தில் கோயிலைக் காணோமே என்று யாராவது கேட்டால், கடையை விட்டு வெளியே வந்து கிழக்கே நடக்கச் சொல்லுங்கள். அது அங்கேயே இருக்கிறது.